பழைய துண்டைக் காட்டிப் பிரெட்னிசொலோன் வாங்குகிறவர்களுக்கு

பெருங்குடல் அழற்சி (அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்) உள்ளவர்கள் பலர் கிளினிக் கொப்பிக்குள் ஒரு பழைய மருந்துத் துண்டையும் மடித்து வைத்திருக்கிறார்கள். எப்போதோ ஒரு வைத்தியர் எழுதிய பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை. வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, மலத்தில் இரத்தம் கண்டதும் அதைக் காட்டிப் பார்மசியில் வாங்கிப் போடுகிறார்கள். முகம் ஊதி, சீனி ஏறி, எலும்பு தேய்ந்த பிறகுதான் கிளினிக் பக்கம் வருகிறார்கள். இப்படி வருகிறவர்கள் குறைவதாக இல்லை.

“குளிசை போட்ட நாலு நாளில் இரத்தம் நின்றதே, அப்போ அதுதானே மருந்து?” எல்லோரும் கேட்பது இதைத்தான். நின்றது உண்மை. ஸ்டீரொயிட் அழற்சியை வேகமாக அடக்கும். 1955இல் ஒக்ஸ்போர்டில் ட்ரூலவ், விட்ஸ் என்ற வைத்தியர்கள் கோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொயிட்டைக் கொடுத்து அதை நிறுவினார்கள். ஆனால் அடங்கிய வருத்தம் திரும்பாமல் காக்க ஸ்டீரொயிட்டால் முடியாது. 1965இல் அதையும் பரிசோதித்துப் பார்த்தாயிற்று, பலன் இல்லை. இரத்தம் நின்றதால் குடல் ஆறிவிட்டது என்றும் எண்ணாதீர்கள். மலம் போவது சீரான பிறகும், குழாய்க் கமராவால் குடலைப் பார்க்கிற கொலனோஸ்கோபியில் உட்சவ்வு சிவந்து, தொட்டால் கசிகிற நிலையில் இருக்கலாம். அதை ஆற்றி, ஆறியபடி வைத்திருப்பது மெசலசின் போன்ற மருந்து. போட்டதும் ஒன்றும் தெரியாது என்பதால் சுகமானவுடன் எல்லோரும் முதலில் கைவிடுவதும் அதையே. (குரோன்ஸ் என்ற இன்னொரு குடல் அழற்சி வருத்தத்தின் கணக்கு வேறு, அங்கே மெசலசினுக்குப் பெரிய வேலை இல்லை.)

ஸ்டீரொயிட் தேவைப்படுகிறவருக்கு வழமையாக எழுதுவது நாளுக்கு 40 மில்லிகிராம். அதாவது 5 மில்லிகிராம் குளிசை எட்டு, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றாக. ஒவ்வொரு கிழமையும் ஒரு குளிசை குறைத்து எட்டுக் கிழமையில் முடிக்க வேண்டும். மொத்தம் 252 குளிசை. கல்சியமும் விற்றமின் டீயும் கூடவே. பழைய துண்டுக்காரர் செய்வது என்ன? முப்பது குளிசை வாங்குவார், நாளுக்கு இரண்டோ மூன்றோ போடுவார், இரத்தம் நின்றதும் விட்டுவிடுவார். அழற்சி அரைகுறையாக அடங்கி அடுத்த மாதம் திரும்பும். மூன்று கிழமைக்கு மேல் போட்டவர் திடீரென நிறுத்தினால் ஆபத்து இன்னும் பெரிது: உடலின் சொந்த ஸ்டீரொயிட்டைச் சுரக்கிற அதிரனல் சுரப்பி உறங்கிப்போயிருக்கும், வாந்தி, மயக்கம், இரத்த அழுத்த வீழ்ச்சி என்று அவசரப் பிரிவில் போய் முடியும்.

இன்னொன்று. இரத்தம் போவதெல்லாம் பழைய வருத்தம் கிளம்பியதால் அல்ல. அமீபாவாக இருக்கலாம், அன்ரிபயோட்டிக் போட்ட பிறகு வருகிற குளொஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாத் தொற்றாகவும் இருக்கலாம். அமீபாவுக்கு ஸ்டீரொயிட் கொடுத்தால் குடல் ஓட்டையாகும் அளவுக்குப் போகும். முதலில் மலப் பரிசோதனை. மூட்டு வலிக்கென்று டைக்குளோபெனக் போட்டீர்களா என்பதையும் யோசியுங்கள். வருத்தத்தைக் கிளப்பிவிடுவதில் அதுவும் ஒன்று.

வருத்தம் மலக்குடலோடு நின்றவர்களுக்கு வாயால் போடும் குளிசையைவிட மலவாசலால் வைக்கிற 1 கிராம் மெசலசின் சப்போசிட்டரி நன்றாக வேலை செய்யும். வெட்கப்பட்டு அதை அலுமாரியில் வைத்துவிட்டுப் பிரெட்னிசொலோனைத் தேடுகிறார்கள். தயவுசெய்து பாவியுங்கள். இரவு மலம் கழித்துவிட்டு, இடப்பக்கம் சரிந்து, மேல் காலை மடித்து, நுனியைத் தண்ணீரில் நனைத்து விரல் நீளத்துக்கு உள்ளே தள்ளிவிட்டு அப்படியே படுங்கள். பத்து நிமிடத்துக்குள் வெளியே வந்துவிட்டால் இன்னொன்று வைக்கலாம்.

ஒரு நாளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு போய், காய்ச்சல் 37.8 பாகைக்கு மேல், அல்லது நாடி 90க்கு மேல் என்றால் கிளினிக் திகதியைப் பார்த்திருக்க வேண்டாம். அன்றே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

பார்மசி நடத்துகிற தம்பிமாரே, திகதி கடந்த துண்டுக்கு ஸ்டீரொயிட் கொடுக்காதீர்கள். கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனாலும் பரவாயில்லை.

நோயாளிகள் கொப்பியின் பின்பக்கத்தில் ஸ்டீரொயிட் தொடங்கிய திகதி, முடித்த திகதி இரண்டையும் எழுதி வையுங்கள். பார்மசியில் நீங்களாக வாங்கியதையும் மறைக்காமல். ஒரு வருடத்தில் இரண்டு முறை தேவைப்பட்டிருந்தால் உங்களுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற அசதியோபிரினோ ஊசி மருந்தோ வேண்டுமா என்று வைத்தியர் யோசிக்க வேண்டும். அந்தத் திகதிகள் இல்லாமல் அவரால் அதைத் தீர்மானிக்க முடியாது.