ஒரே ஓரியன், இரண்டு கேமராக்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாத முன்னிரவுகளில், கானாடுகாத்தான் வீடொன்றின் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால், ஓரியன் நெபுலா என்ற ஒளிரும் வாயு, தூசி மேகம் தெற்கே சுமார் 74 பாகை உயரம் வரை ஏறிவருகிறது. அந்த உயரத்தில் காற்றுமண்டலத்தின் குறுக்கீடு குறைவு என்பதால் படமெடுக்க மிகவும் ஏற்ற பொருள் அது. நண்பர்கள் இருவரில் ஒருவர் சாதாரண வண்ண டி.எஸ்.எல்.ஆர். கேமராவாலும் மற்றவர் கறுப்பு வெள்ளை வானியல் கேமராவாலும் அதைப் படமெடுத்திருந்தால், அந்த இரண்டையும் ஒரே படமாக்க முடியும். முறையாகச் செய்தால் அது தனித்தனிப் படங்கள் இரண்டையும்விடச் சிறப்பாக அமையும்.

வண்ணக் கேமராவின் உணரியில் (ஒளியைப் பதியும் சில்லில்), ஆத்தங்குடிக் கல் பாவிய தரையைப் போல, நான்கு பிக்சல்கள் கொண்ட ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது: இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். நெபுலாவின் ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் உமிழும் சிவப்பு ஒளியை நான்கில் ஒரு பிக்சலே சரியாகப் பெறுகிறது. அதிலும் பெரும்பகுதியை உணரிக்கு முன்னுள்ள வடிகட்டி தடுத்துவிடுகிறது. அந்தச் சிவப்பு ஒளியை மட்டும் விடும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா வடிகட்டி பொருத்திய கறுப்பு வெள்ளைக் கேமராவிலோ எல்லாப் பிக்சல்களும் அந்த ஒளியைப் பெறுகின்றன, தெருவிளக்கு வெளிச்சமும் பெருமளவு விலக்கப்படுகிறது. ஆனால் விண்மீன்களின் நிறமோ, தூசியில் பட்டுச் சிதறும் நீல ஒளியோ அதில் கிடைக்காது.

இரு கேமராக்களின் படங்களையும் மொத்தமாக மென்பொருளில் கொட்டி அடுக்குவதை (பல பதிவுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுப்பதை) நான் பரிந்துரைக்க மாட்டேன். திருத்தத்துக்காக எடுக்கும் டார்க் (லென்ஸை மூடி எடுப்பது), ஃபிளாட் (சீரான வெளிச்சத்தை நோக்கி எடுப்பது) படங்கள் அந்தந்தக் கேமராவுக்கும் ஒளியியல் அமைப்புக்கும் மட்டுமே உரியவை. ஒன்றின் ஃபிளாட்டை மற்றொன்றில் பயன்படுத்தினால் பழைய தூசிக்கறை நீங்காது, புதிய கறை சேரும். ஆகவே ஒவ்வொரு தொகுப்பையும் தனியே திருத்தி, தனியே அடுக்கி, முடிவில் கிடைக்கும் இரண்டு படங்களையே இணைக்க வேண்டும்.

அடுத்தது அளவுப் பொருத்தம். மைக்ரோமீட்டரில் பிக்சலின் அளவை 206.265ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் குவியத் தூரத்தால் வகுத்தால், ஒரு பிக்சல் வானில் எத்தனை வில்விநாடியை (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) அடைக்கிறது என்பது தெரியும். 4.3 மைக்ரோமீட்டர் பிக்சலும் 200 மி.மீ. லென்ஸும் சேர்ந்தால் 4.43, 3.76 மைக்ரோமீட்டர் பிக்சலும் 400 மி.மீ. தொலைநோக்கியும் சேர்ந்தால் 1.94. சிரில் போன்ற இலவச மென்பொருள்கள் விண்மீன்கள் அமைக்கும் முக்கோணங்களை ஒப்பிட்டு ஒரு படத்தை மற்றொன்றின் மீது பொருத்துகின்றன. நுண்மையான படத்தையே ஆதாரமாகக் கொள்வது நல்லது. பெரிதாக்கப்படும் வண்ணப் படத்தில் புதிய விவரம் எதுவும் தோன்றாவிட்டாலும், மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டை உணரும் அளவு நிற வேறுபாட்டை நுணுக்கமாக உணராததால், நிறத்துக்கு அதுவே போதும்.

கானாடுகாத்தானுக்குத் தெற்கிலுள்ள காரைக்குடியின் வெளிச்சம் இரு படங்களிலும் வெவ்வேறு விதமாகப் படிந்திருக்கும். அதை இணைப்பதற்கு முன்பே தனித்தனியாக நீக்கிவிட வேண்டும்.

ஒரே நிற ஒளியைப் பதிந்த இரு படங்களைச் சராசரி எடுக்கும்போது எடையிடுதல், அதாவது நல்ல படத்துக்கு அதிகப் பங்கு தருதல், இன்றியமையாதது. நெபுலாவின் ஒளியளவைச் சமன்செய்தபின் ஒரு படத்தின் இரைச்சல் (படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் தாறுமாறான ஏற்ற இறக்கம்) 1, மற்றதன் இரைச்சல் 3 என்று கொள்வோம். நேர்ச் சராசரியின் இரைச்சல் 1.58 ஆகும், அதாவது, நல்ல படத்தைத் தனியே வைத்திருப்பதைவிட மோசம். இரைச்சலின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாக, 9-க்கு 1 என எடையிட்டால் அது 0.95 ஆகக் குறைகிறது. ஆதாயம் சிறிதுதான், ஆனால் இழப்பு இல்லை.

ஹைட்ரஜன்-ஆல்ஃபா படத்தை வண்ணப் படத்தின் சிவப்புப் பகுதியில் அளவாகக் கலப்பதே என் விருப்பம். மொத்த ஒளிர்வுக்கும் அதையே பயன்படுத்தினால் நீலத் தூசிப் பகுதிகள் இருண்டு, சிவப்பும் வெளிறிவிடும். மங்கலான பகுதிகள் தெரியும்படி படத்தின் பிரகாசத்தை நீட்டிக் காட்டுவதற்கு முன்பே இந்தக் கலப்பைச் செய்ய வேண்டும். இரு கேமராக்களிலும் விண்மீன்களின் அகலம் ஒன்றாக இராது என்பதால், அப்படியே கலந்தால் அவற்றைச் சுற்றி நிற வளையம் விழும். விண்மீன்களை நீக்கி நெபுலாவை மட்டும் இணைத்து, பின்பு வண்ணப் படத்தின் விண்மீன்களைச் சேர்த்தால் அந்த வளையம் வராது. நெபுலாவின் நடுவிலுள்ள ட்ரபீசியம் விண்மீன்கூட்டம் நீண்ட பதிவுகளில் வெளுத்துப்போகும் என்பதால், அந்தப் பகுதிக்கு மட்டும் சில விநாடிப் பதிவுகளைத் தனியே எடுத்து அடுக்கிச் சேர்க்க வேண்டியிருக்கும்.