கோல்ஃப் டிரைவர் தலையில் கனம் எங்கே இருக்கிறது?

கோல்ஃப் கிளப்பை ஆளுக்கு ஏற்றபடி பொருத்திக் கொடுப்பது என் தொழில். போன வாரம் உட்லண்ட்ஸிலிருந்து ஓர் அண்ணன் புது டிரைவரோடு, அதாவது பந்தை வெகுதூரம் அடிக்கும் பெரிய தலை கொண்ட கிளப்போடு, பயிற்சி ரேஞ்சுக்கு வந்தார். "போட்டிகளில் ஆடுகிறவர்கள் வைத்திருக்கிற அதே ரகம்தான் தம்பி. எனக்கு மட்டும் எல்லாப் பந்தும் வலது பக்க வலைக்கே போகிறது" என்றார்.

கணினியைத் தொடுவதற்கு முன் கிளப்பில் பந்து படும் முகத்தில், பாதத்துக்குப் போடும் பவுடர் ஸ்பிரேயை அடித்தேன். பத்துப் பந்து. வெள்ளையில் விழுந்த தடங்களில் ஏழு, ஷாஃப்ட் என்கிற தண்டை ஒட்டிய ஹீல் பக்கம்.

டிரைவரின் ஈர்ப்பு மையம் முகத்துக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது. பந்து நடுவில் படாவிட்டால் தலை திருகிக்கொள்ளும். பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துச் சுற்றுவதுபோல் பந்து எதிர்ப்பக்கம் சுழலும். வலக்கைக்காரருக்கு ஹீலில் பட்டால் வலப்பக்கம் வளையும், எதிர் முனையான டோவில் பட்டால் இடப்பக்கம். டிரைவரின் முகத்தை லேசாகப் புடைத்தபடி செய்வது இதை ஈடுகட்டத்தான்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையில் பாருங்கள். பால்குடம் எடுப்பவர் சட்டென்று திரும்பிவிடுவார், அகலமான காவடிக்காரரால் முடியாது. கனம் ஓரத்துக்குப் போகப்போக அதைத் திருப்புவது கடினம். பிங் கம்பெனியைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் 1959-இல் முதல் பிங் பட்டரில் (பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்) எடையை இரு முனைகளுக்கும் ஒதுக்கியது இதற்காகத்தான்.

இன்றைய விதிப்படி டிரைவர் தலை 460 கன சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பக்கவாட்டில் திருகலை எதிர்க்கும் அளவுக்கும் 5,900 கிராம்-சதுர சென்டிமீட்டர் என்று வரம்பு உண்டு. அப்படியென்றால் விளம்பரத்தில் வரும் பத்தாயிரம்? மேலும் கீழுமாக ஆடுவதை எதிர்க்கும் அளவையும் சேர்த்துக் கூட்டிய கணக்கு அது. பொய்யில்லை, ஆனால் பார்த்து வாங்குங்கள்.

அண்ணனின் டிரைவரில் கனமான திருகாணி முன்னால், முகத்தை ஒட்டி இருந்தது. முன்னால் கனம் இருந்தால் பின்சுழற்சி குறையும், நன்றாக அடிப்பவருக்குத் தூரம் கிடைக்கும், ஆனால் தலை திருகாமல் நிற்கும் நிலைப்பு குறையும். நடுவில் அடிக்கிறவர்களுக்குச் சரி. நமக்கு?

கனமான திருகாணியைப் பின்னால் மாற்றினேன். நீளமான ஷாஃப்ட்டில் நடுவில் அடிப்பது சிரமம் என்பதால் அரை அங்குலம் வெட்டினேன். வெட்டினால் தலை இலேசானதுபோல் கைக்குத் தோன்றும். அதனால் தலையில் ஐந்தாறு கிராம் கூட்டினேன்.

அப்புறம் அடித்த பத்தில் வலைக்குப் போனவை மூன்று. அந்த மூன்றும் நடுவில்தான் பட்டிருந்தன. கிளப்பின் முகம் திறந்தபடி, அதாவது வலப்பக்கம் பார்த்தபடி, வந்ததுதான் காரணம். அதற்கு எந்தத் தலையும் உதவாது.

"வேறு மாடல் பார்க்கலாமா?" என்றார். ஒரு பயிற்சியாளரின் எண்ணைக் கொடுத்தேன்.