லொறி விழுந்த பாலம் எந்தப் படத்தில்?

சின்ன வயதில் பார்த்த ஒரு படம் எனக்கு அப்படியே ஞாபகமிருக்கிறது. இரவு, நல்ல மழை. இரும்புப் பாலம் ஒன்றின் மேல் ஒரு லொறி வருகிறது. அதன் முன்விளக்குகளில் ஒன்று எரியவில்லை. பாலத்தின் கம்பிகளை உடைத்துக்கொண்டு லொறி ஆற்றில் விழுகிறது. அடுத்து, ஒரு தாய் வாசலில் நின்று விளக்கேற்றுகிறாள். காற்று அணைக்கிறது, மறுபடி ஏற்றுகிறாள். அவளுடைய சேலைச் சிவப்பு சேலையோடு நிற்காமல் பக்கத்துச் சுவரிலும் வழிகிறது.

இந்தப் படத்தின் பெயர் தெரியாமல் பல வருடம் தேடினேன். கேட்டவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு படம் சொன்னார்கள், ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில் முடிச்சை அவிழ்த்தது மச்சாள்தான். “அது ஒரு படமில்ல மச்சான், ரெண்டு படம். லொறி விழுறது முதல் போட்ட படத்துல. அம்மா விளக்கு வைக்கிறது மூணாவது படத்துல. நடுவுல நீ நித்திரை.”

இரண்டையும் போனில் தேடி அனுப்பியும் விட்டாள். பார்த்தேன். லொறி விழுவது பட்டப்பகலில். பாலம் கல்லால் கட்டியது. மழை ஒரு துளி இல்லை. விளக்குகள் இரண்டும் ஒழுங்காக இருக்கின்றன. தாயின் சேலை சிவப்புத்தான், ஆனால் அந்தச் சிவப்பு சேலைக்குள்ளேயே அடக்கமாக இருக்கிறது.

அப்படியென்றால் நான் பார்த்த படத்தை எடுத்தது யார்? கொஞ்சம் துருவிப் பார்த்ததில் குற்றவாளிகள் இருவர் என்று தெரிந்தது. ஒன்று டெக், அதாவது வீடியோ கசெட் ஓட்டும் பெட்டி; மற்றது என் தலை. எது யாருடைய வேலை என்று பிரித்துப் பார்ப்பதுதான் சுவாரசியம்.

இடம் படுவான்கரை, கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வளவு. காலம் தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கரண்ட் இல்லாத ஊர். சிவராத்திரிக்குக் கண் விழிக்க வேண்டுமென்று ஊரில் காசு சேர்த்து டெக் எடுப்பார்கள். டீவி, டெக், சின்ன ஜெனரேட்டர் மூன்றும் போர்வையால் சுற்றப்பட்டு மண்முனைத் துறையில் ‘பாதை’ என்கிற மிதவைப் படகிலேறி வாவியைக் கடந்து வரும். (மண்முனைப் பாலம் திறந்தது 2014இல். அதுவரை எல்லாம் பாதையில்தான்.) ஜெனரேட்டரை பெட்ரோலில் எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நாங்கள் பன்பாயை விரித்துக் கச்சானோடு முன்வரிசையில் இருப்போம். ஒரு இரவுக்கு நாலு படம்.

முதலில் மழையை எடுத்துக்கொள்வோம். அது டெக்கின் வேலை.

வீடியோ கசெட்டுக்குள் இருப்பது 12.7 மில்லிமீற்றர் அகலமான கபில நிற நாடா. பொலியெஸ்டரின் மேல் இரும்பு ஒட்சைட்டுத் துகள்களைப் பூசியது. துருவின் நெருங்கிய சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துகள்களைக் காந்தமாக்கித்தான் படம் பதியப்படுகிறது. பாட்டு கசெட்டிலும் இதே சங்கதிதான், ஆனால் பாட்டை விடப் படத்துக்குத் தகவல் பல மடங்கு அதிகம். விநாடிக்கு இலட்சக்கணக்கான தடவை மாறும் சைகையைப் பதிய வேண்டுமென்றால் நாடா காந்தத் தலையைக் கிட்டத்தட்ட விநாடிக்கு 5 மீற்றர் வேகத்தில் கடக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று மணிநேரப் படத்துக்கு 50 கிலோமீற்றருக்கும் மேல் நாடா. மட்டக்களப்பு நகரிலிருந்து பிடித்தால் கல்முனையைத் தாண்டிப் போகும். ஆனால் கசெட்டுக்குள் இருப்பதோ சுமார் 250 மீற்றர்.

1976இல் ஜப்பானில் ஜேவிசி நிறுவனம் வெளியிட்ட விஎச்எஸ் முறை இந்தச் சிக்கலைத் தீர்த்த விதம் அழகானது. நாடா விநாடிக்கு வெறும் 2.3 சென்ரிமீற்றர்தான் நகரும், நத்தை மாதிரி. அதற்குப் பதிலாகத் தலை ஓடும். 62 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு உருளை, அதன் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு சின்னக் காந்தத் தலைகள். உருளை சற்றுச் சாய்ந்து நிற்கும். நாடா அதைப் பாதி சுற்றிக்கொண்டு போகும். எங்கள் நாட்டில் பயன்படும் பிஏஎல் என்ற டீவி முறையில் உருளை நிமிடத்துக்கு 1500 தடவை சுழலும். ஒவ்வொரு தலையும் நாடாவைக் கடக்கும்போது குறுக்கே சரிவாக ஒரு கோடு எழுதும், பயிற்றங்காயைச் சரிவாக அரிகிற மாதிரி. ஒரு கோடு என்பது அரைப்படம். இரண்டு கோடு சேர்ந்தால் ஒரு முழுப்படம், விநாடிக்கு 25 படம். ஒரு கோட்டின் அகலம் 49 மைக்ரோமீற்றர், தலைமயிரை விட மெல்லியது.

இவ்வளவு மெல்லிய கோட்டின் மேலே தலை சரியாக ஏறி ஓட வேண்டும். இதற்காக நாடாவின் கீழ் விளிம்பில் வழிகாட்டித் துடிப்புகள் பதிந்திருக்கும். ஆனால் கொழும்பில் ஒரு டெக்கில் பதிந்த கொப்பி எங்கள் ஊருக்கு வந்த டெக்கில் அச்சொட்டாகப் பொருந்தாது. தலை கோட்டை விட்டு விலகும். திரையின் அடியிலோ நடுவிலோ வெள்ளைப் பட்டையொன்று நடுங்கும். டெக்கார அண்ணன் எழும்பிப் போய் ‘டிராக்கிங்’ குமிழை மெதுவாகத் திருகுவார். அவர் திருகியது படத்தையல்ல, வழிகாட்டித் துடிப்புக்கும் சுழலும் தலைக்கும் இடையிலான நேரத்தை. எங்கள் கண்ணுக்கு அவர் மந்திரவாதி.

நாடா தேயத் தேய இரும்புத் துகள் உதிரும். உதிர்ந்த இடத்தில் தகவல் இல்லை, திரையில் ஒரு வெள்ளைக் கீறல் ஓடும். கீறல்கள் கூடினால் “படம் மழை பெய்யுது” என்போம். உதிர்ந்த தூள் போய்க் காந்தத் தலையின் இடைவெளியில் அடைத்துக்கொண்டால் மழை பனியாகிவிடும். அந்த இடைவெளி ஒரு மைக்ரோமீற்றரிலும் குறைவு, அடைக்க எவ்வளவு தூள் வேண்டும்? அப்போது அண்ணன் டெக்கின் மூடியைக் கழற்றி, கைலேஞ்சி நுனியில் ஓடிக்கொலோன் என்கிற அற்ககோல் கலந்த வாசனைத் தண்ணீரை ஊற்றி உருளையைத் துடைப்பார். ஐசோபுரோப்பைல் அற்ககோல்தான் முறையான மருந்து. ஆனால் சிவராத்திரி இரவில் அதற்கு எங்கே போவது, வீட்டுக்கு வீடு இருந்தது ஓடிக்கொலோன்தான்.

லொறிக் காட்சி ஊருக்கு ஊர் ‘ரிவைண்ட்’ பண்ணி, நிறுத்தி நிறுத்திப் பார்த்த காட்சி. நிறுத்தி வைத்தாலும் உருளை நிற்பதில்லை, நின்ற நாடாவின் அதே இடத்தைத் தலைகள் விநாடிக்கு 50 தடவை உரசும். ஆகவே எல்லோருக்கும் பிடித்த காட்சிதான் முதலில் தேயும். என் லொறி மழையில் வந்தது இப்படித்தான்.

சிவப்பு வழிந்ததும் டெக்கின் கணக்கில்தான். வெளிச்சத்தின் ஓரங்களைக் கூர்மையாகப் பார்க்கும் நம் கண், நிறத்தின் ஓரங்களில் கொஞ்சம் சோம்பேறி. பொறியியலாளர்கள் இதைத் தெரிந்துகொண்டு, விஎச்எஸ்ஸில் நிறத்துக்கு மிகக் குறுகிய இடமே ஒதுக்கினார்கள். அதனால் நிறம் கோட்டுக்குள் நிற்காது, சிறுவர் வர்ணப் புத்தகம் போல வெளியே வரும். கொப்பியைக் கொப்பி எடுத்து, அதையும் கொப்பி எடுக்கும்போது இந்த வழிசல் ஒவ்வொரு தலைமுறையிலும் கூடும். எங்களுக்கு வந்தது எத்தனையாவது தலைமுறைக் கொப்பி என்று கடவுளுக்கே வெளிச்சம்.

சரி, இரும்புப் பாலம்? அதற்கு டெக்கைக் குற்றம் சொல்ல முடியாது.

அது மட்டக்களப்பின் கல்லடிப் பாலம். பழைய இரும்புப் பாலம், நான் அந்த வயதில் பார்த்திருந்த ஒரே பெரிய பாலம். கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் செய்த பரிசோதனை ஒன்றைப் படித்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கிலேயர்களிடம் வாசிக்கக் கொடுத்து, பின்னர் திரும்பச் சொல்லவைத்தார். அந்த மக்களின் மரத்தோணி சொன்னவர்களின் வாயில் சாதாரணப் படகாகியது. சீல் வேட்டை மீன்பிடியானது. புரியாத இடங்கள் கழன்று விழுந்தன. 1932இல் அவர் எழுதிய முடிவு: ஞாபகம் என்பது வைத்ததை எடுப்பதல்ல, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டுவது. கட்டுவதற்கு நம் வீட்டில் இருக்கிற கல்லும் மண்ணும்தான் கிடைக்கும். என் தலைக்குக் கிடைத்தது கல்லடிப் பாலம். ஒற்றைவிளக்கு லொறியும் அப்படித்தான் வந்திருக்கும்: எங்கள் ஊரில் நெல் ஏற்றிய லொறிக்கு ஒரு கண் குருடு.

மூளையில் ஒரு படம் கசெட் மாதிரி ஒரே நாடாவில் இருப்பதில்லை. பார்த்தது பிடரிப் பக்கம், கேட்டது காதோரம், பயம் அமிக்டலா என்கிற வாதுமைக்கொட்டை அளவான பகுதியில் என்று பிரிந்து கிடக்கிறது. அவற்றை இணைக்கும் பட்டியல் மாதிரி வேலை செய்வது ஹிப்போகாம்பஸ். காட்சி பத்திரமாக இருக்கும், “இது எந்தப் படத்தில்” என்ற சீட்டு மட்டும் கழன்றுவிடும். ஒரே இரவில், ஒரே பாயில், ஒரே திரையில் நாலு படம் பார்த்த பிள்ளைக்கு அந்தச் சீட்டுகள் எவ்வளவு உறுதியாக ஒட்டியிருக்கும்?

நித்திரையும் சும்மா இருக்கவில்லை. எலி ஓடித்திரியும்போது அதன் ஹிப்போகாம்பஸில் சேர்ந்து துடித்த கலங்கள், பின்னர் எலி நித்திரை கொள்ளும்போதும் சேர்ந்து துடிப்பதை வில்சனும் மெக்நோட்டனும் 1994இல் காட்டினார்கள். பகலில் நடந்ததை மூளை இரவில் ஓட்டிப் பார்க்கிறது. நான் லொறியோடு நித்திரையாகி, கண் விழித்தபோது திரையில் விளக்கு. நடுவில் இருந்த ஒரு முழுப்படம் எனக்கு இல்லவே இல்லை. இரண்டு முனையையும் தலை ஒட்டிவிட்டது. நேர்த்தியான ஒட்டுத்தான், முப்பது வருடம் பிரியவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்த தவறு, இந்தக் காட்சியைக் கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொன்னது. 1974இல் எலிசபெத் லொஃப்டஸும் ஜோன் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படமொன்றைக் காட்டினார்கள். ஒரு கூட்டத்திடம் கார்கள் “மோதியபோது” என்ன வேகம் என்று கேட்டார்கள். இன்னொரு கூட்டத்திடம் “மோதி நொறுங்கியபோது” என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றதற்கு முதல் கூட்டத்தில் 50 பேரில் 7 பேர் ஆம் என்றார்கள். இரண்டாவதில் 16 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஒரு சொல் உடைத்த கண்ணாடி அது.

2000ஆம் ஆண்டில் கரீம் நாடரின் குழு இதன் அடியில் என்ன நடக்கிறதென்று எலிகளில் தேடியது. பயத்தைப் பழக்கிய எலிக்கு அந்தப் பயத்தை நினைவூட்டி, உடனே புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தை அமிக்டலாவில் செலுத்தினார்கள். பயம் போய்விட்டது. நினைவூட்டாமல் மருந்து மட்டும் கொடுத்த எலிக்குப் பயம் அப்படியே இருந்தது. எடுத்துப் பார்த்த ஞாபகம் இளகுகிறது, மறுபடி இறுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. மனிதருடைய எல்லா ஞாபகத்துக்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் எனக்குக் கொப்பி கசெட்தான் ஞாபகம் வருகிறது, ஒரு வித்தியாசத்தோடு: நாடாவில் கொப்பி எடுத்தால் குறையும், தலையில் கொப்பி எடுத்தால் கூடும்.

வாசனைக்கு மட்டும் தனிவழி. மற்றப் புலன்களின் செய்தி தலாமஸ் என்ற சந்தியில் நின்று போகும்போது, மூக்கின் செய்தி அங்கே நிற்காமல் அமிக்டலாவுக்கும் ஹிப்போகாம்பஸின் வாசலுக்கும் நேரே போகிறது. இன்றைக்கும் யாராவது காய்ச்சல்காரர் நெற்றியில் ஓடிக்கொலோன் பூசினால் எனக்கு அடுத்து படம் தொடங்கப் போகிறது என்றுதான் தோன்றும்.

இவ்வளவுக்குப் பிறகு என் தலையை நானே நம்புவதில்லை என்ற நிலைக்கு வந்திருந்தேன். அப்போது மச்சாள் மறுபடி அழைத்தாள். “அந்த விளக்குப் படத்துப் பாட்டு, போன்ல கேட்டா குரல் வேற. கட்டையாக் கேட்குது.” எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்தப் பாட்டை நாங்கள் வேறெங்கும் கேட்டதில்லை. டீவிக்கு முன்னால் றேடியோவை வைத்துப் பதிந்த பாட்டு கசெட்டில்தான் வருடக்கணக்கில் கேட்டோம். பழைய நாடா இழுத்து நீண்டிருக்கும், அல்லது இதுவும் எங்கள் தலை கட்டிய பாலம் என்று முதலில் நினைத்தேன்.

இல்லை. சினிமா விநாடிக்கு 24 படம் ஓடுகிறது. பிஏஎல் டீவிக்கு 25 வேண்டும். வழமையான தீர்வு, படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிப் பதிவது. 4 சதவீதம். இரண்டரை மணிநேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும், யாருக்கும் தெரியாது. ஆனால் சுருதி ஏறும், அரைக்கட்டையிலும் சற்றுக் குறைவாக. டெக்கில் கேட்ட பாட்டு உண்மையாகவே மேலே இருந்தது. சாதாரண ஆட்களின் காது இதைப் பிடித்து வைத்திருக்கும் என்பதற்கும் சான்று உண்டு: 1994இல் டானியல் லெவிற்றின் என்ற ஆய்வாளர் 46 பேரைப் பிடித்து, பிடித்த பாட்டுகளைத் துணையில்லாமல் பாடச் சொன்னார். 40 சதவீதமானோர் இரண்டு முயற்சியில் ஒன்றிலாவது இசைத்தட்டில் இருந்த அதே சுருதியில் தொடங்கினார்கள்.

பாட்டைக் கணினியில் போட்டு, வேகத்தையும் சுருதியையும் சேர்த்து 4 சதவீதம் கூட்டி அவளுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

“இதுதான் மச்சான். ஜெனரேட்டர் சத்தம் மட்டும்தான் இல்ல.”