மோட்: மேடாகப் பிறந்து பள்ளமான சொல்

இங்கிலாந்தின் லீ ஆற்றங்கரையில், ஹெர்ட்ஃபோர்டுஷயரில், ரை ஹவுஸ் என்றொரு மாளிகை இருந்தது. இன்று மிஞ்சியிருப்பது அதன் செங்கல் வாயில் கட்டடம்தான். அதைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே எதிர்ப்படும் ஆங்கிலச் சொல் 'மோட்' (moat). வீட்டைச் சுற்றி வெட்டி நீர் நிரப்பிய பள்ளம் என்று பொருள்.

ஆனால் இந்தச் சொல் பிறந்தபோது அதற்குப் பள்ளம் என்ற பொருளே இல்லை. பழைய பிரெஞ்சில் அது மண்மேடு. பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற நார்மன்கள் மேடு எழுப்பி அதன்மேல் மரக்கோட்டை கட்டினார்கள். மேட்டுக்கு மண் வேண்டுமே, சுற்றிலும் வெட்டி எடுத்தார்கள். அப்புறம் ஆங்கிலத்தில் மேட்டின் பெயர் அந்தப் பள்ளத்துக்கே போய்விட்டது.

தமிழில் இதற்கு அகழி. 'அகழ்' என்றால் தோண்டு. 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்' என்ற குறளிலும் அகழாய்விலும் இருப்பது இதே வேர்தான். இன்னொரு பழஞ்சொல்லும் உண்டு: கிடங்கு. மதுரையின் அகழியை 'மண்ணுற ஆழ்ந்த மணிநீர்க் கிடங்கு' என்கிறது மதுரைக்காஞ்சி. இன்று கிடங்கு என்றால் நெல்மூட்டைதான் நினைவுக்கு வரும். மோட் போலவே இதுவும் இடம் மாறிய சொல். எனக்கு இந்த ஒற்றுமை மிகவும் பிடித்திருக்கிறது.

சரி, மாளிகைக்கு வருவோம். 9ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மன்னரும் டேனியத் தலைவர் குத்ரமும் செய்த உடன்படிக்கையில் லீ ஆறு இருவர் நிலங்களுக்கும் இடையிலான எல்லைக்கோட்டின் ஒரு பகுதி. அதே ஆற்றங்கரையில் 1443இல் அரண் அமைக்க அரச அனுமதி வாங்கியவர் ஆண்ட்ரூ ஓகார்டு. அவர் பிறப்பால் டேனியர்! 1683இல் இந்த வீட்டில் குடியிருந்தவர் மால்ட் (மது வடிக்க முளைகட்டிய தானியம்) வணிகர் ரிச்சர்டு ரம்போல்டு. நியூமார்க்கெட் குதிரைப் பந்தயத்திலிருந்து திரும்பும் மன்னர் இரண்டாம் சார்லஸையும் மன்னரின் தம்பியையும் இவ்வழியில் வைத்துக் கொல்ல ரம்போல்டும் கூட்டாளிகளும் திட்டமிட்டார்கள். நியூமார்க்கெட்டில் தீப்பிடித்ததால் மன்னர் முன்னதாகவே கிளம்பிவிட்டார், திட்டம் பலிக்கவில்லை.

இதைக் 'கோட்டை' என்று எழுதக் கூடாது. இங்கிலாந்தில் இப்படி அகழி சூழ்ந்த இடங்கள் சுமார் 6,000 அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை நிலவுடைமையாளர் வீடுகள். அகழி காவலுக்கு மட்டுமல்ல, கௌரவத்துக்கும் மீன் வளர்ப்புக்கும் உதவியது. இத்தகைய நிலக்கிழார் மாளிகையைக் குறிக்கும் 'மேனர்' (manor) என்ற ஆங்கிலச் சொல்லை நம் 'மனை'யோடு முடிச்சுப் போடவும் வேண்டாம். அது 'தங்கு' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. 'அகழி சூழ்ந்த நிலக்கிழார் மாளிகை' என்று எழுதினால் பொருள் சரியாக அமைகிறது.