முன் டயர் தேய்ந்தால் பின் ஆக்ஸிலையும் பாருங்கள்

"வண்டி இடப்பக்கம் இழுக்குது அண்ணாச்சி, அலைன்மென்ட் பாத்துருங்க" என்று சொல்லிக்கொண்டேதான் பெரும்பாலான லாரிகள் எங்கள் பட்டறைக்குள் வருகின்றன. சக்கரங்கள் சரியான கோணத்தில் நிற்கின்றனவா என்று பார்த்துச் சரிசெய்வதுதான் அலைன்மென்ட். மெஷினைத் தொடுவதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான். எந்த ரோட்டில், எந்தத் திசையில் போகும்போது இழுக்கிறது?

நம் ஊர்ப் பக்கம் இது முக்கியமான கேள்வி. ஆனி, ஆடி மாதங்களில் நாங்குநேரி தாண்டி வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு என்று தெற்கே இறங்கினால் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கமிருந்து வரும் மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று, வண்டியின் வலப்பக்கத்தில் மோதி இடது ஓரத்துக்குத் தள்ளும். மழைத்தண்ணீர் வடிவதற்காக நாற்கரச் சாலையையும் பொதுவாக இடப்பக்கம் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் டிரைவர் ஸ்டீரிங்கை வலப்பக்கம் பிடித்துக்கொண்டேதான் ஓட்டவேண்டும். திரும்பி வடக்கே வரும்போது காற்று வலப்பக்கம் தள்ளுகிறது, சரிவு இடப்பக்கம் தள்ளுகிறது. ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். "போகும்போது இழுக்குது, வரும்போது ஒண்ணும் தெரியல" என்றால் வண்டியில் கோளாறே இல்லாமலும் இருக்கலாம். காலி கண்டெய்னரில் இந்த ஆட்டம் இன்னும் அதிகம். காற்று அடங்கிய நேரத்தில், மட்டமான ரோட்டில் ஓட்டிப் பார்த்து, அப்போதும் இழுத்தால் கொண்டுவாருங்கள்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுப்பது பிரேக் சமாச்சாரம். அதை அலைன்மென்டில் தேடவேண்டாம். மிதிக்காமலே இழுத்து, நிறுத்தியதும் ஒரு பக்க டிரம் மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தொட்டுப் பார்த்துவிடாதீர்கள், கையை அருகில் கொண்டுபோனாலே அனல் தெரியும்.

அடுத்தது டயரில் அடைக்கும் காற்று. எந்த முன் டயரில் காற்று குறைவோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். இதைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார்க்கவேண்டும். மதுரையிலிருந்து உச்சி வெயிலில் வந்து நின்றதும் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏறிக் கிடக்குது" என்று காற்றை இறக்கிவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சூட்டில் காற்றழுத்தம் ஏறத்தான் செய்யும். அப்போது இறக்கினால் மறுநாள் காலை குறைந்த காற்றில்தான் வண்டி கிளம்பும், இரண்டு ஓரமும் தேய ஆரம்பிக்கும். பின்னால் ஜோடி டயரில் உள்டயரின் வால்வுக்குக் கை எட்டவில்லை என்று விட்டுவிடுவது இன்னொரு வழக்கம். வெளிடயர்தான் அந்தச் சுமையையும் சேர்த்துச் சுமக்கிறது.

காற்று சரி, பிரேக் சரி, இன்னும் இழுக்கிறதா? முன் டயர்கள் இரண்டையும் இடவலமாக மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில்தான். ரேடியல் டயரில் இப்படி வரும். மாறாமல் அதே பக்கம் இழுத்தால் அப்புறம் வண்டியைப் பார்க்கலாம்.

டயரைக் கண்ணால் பார்ப்பதை விடக் கையால் தடவிப் பார்ப்பதில்தான் எனக்கு நம்பிக்கை. வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, கம்பி எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்த பிறகு உள்ளங்கையை டயரின் பட்டன்மேல் (ரோட்டில் படும் ரப்பர் மேடுகள்) வைத்து வெளி ஓரத்திலிருந்து உள்பக்கமாக இழுங்கள். வழவழவென்று போகிறது, அதே கையை உள்ளிருந்து வெளியே கொண்டுவரும்போது சொரசொரவென்று தடுக்கிறது. இரண்டு டயரிலும் அப்படியே இருந்து, இரண்டிலும் வெளி ஓரம் அதிகம் தேய்ந்திருந்தால் டோ-இன் கூடுதல், அதாவது சக்கரங்களின் முன்பக்கம் அளவுக்கு மேல் உள்நோக்கித் திரும்பியிருக்கிறது. நேர்மாறாகத் தடுத்து, உள் ஓரங்கள் தேய்ந்திருந்தால் டோ-அவுட், அதாவது வெளிநோக்கித் திரும்பியிருக்கிறது. முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டை ராடைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். ஆனால் அதற்கு முன் டை ராட் எண்டிலும், முன் சக்கரம் திரும்பும் முளையான கிங் பின்னிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தாகவேண்டும். ஆட்டம் உள்ள வண்டிக்கு டோ வைத்தால் காசும் வீண், நேரமும் வீண்.

பலரைக் குழப்புவது மூன்றாவது வகை. வலது டயரில் வெளி ஓரமும் இடது டயரில் உள் ஓரமும் தேய்ந்திருக்கும், அல்லது அதற்கு நேர்மாறாக. அதாவது இரண்டு டயரும் ஒரே திசையில் உரசிக்கொண்டு போயிருக்கிறது. ரோடு நேராக இருக்கும், ஸ்டீரிங் கோணலாக நிற்கும். இங்கே முன் பக்கத்தில் எதைத் திருப்பினாலும் தீராது. பின் ஆக்ஸில், அதாவது பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சு, கோணலாக உட்கார்ந்து வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. அதை நேராக்கிப் பிடிக்கும் வேலையில் முன் டயர்கள் தேய்கின்றன. பின்னால் இன்னொரு வண்டியில் வந்து பார்த்தால் லாரி நண்டு மாதிரி சாய்ந்து போவது தெரியும்.

குவாரிக்குப் போய்வரும் டிப்பர்களில் இது சர்வ சாதாரணம். ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு பிடித்திருக்கும் யு போல்ட் தளர்ந்து, சென்டர் போல்ட் அறுந்து, ஸ்பிரிங் பட்டைமேல் ஆக்ஸில் நகர்ந்திருக்கும். பத்துச் சக்கர வண்டியில், பின் ஆக்ஸிலை இடம் மாறாமல் பிடிக்கும் டார்க் ராடின் புஷ் தேய்ந்தாலும் இதே கதை. பின் ஆக்ஸில்கள் இரண்டுக்கும் நடுவே, ஹப் மையத்திலிருந்து ஹப் மையத்துக்கு, இடமும் வலமும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அங்கேதான் வேலை. டேப் பிடிக்க ஐந்து நிமிடம் ஆகாது. ஆனாலும் இதைச் செய்யாமல் ஜோடி ஜோடியாகப் புது டயர் வாங்கிப் போடுகிற முதலாளிகளைப் பார்க்கிறேன்.

ஒரு ஓரம் மட்டும் மொட்டையான டயரை "நடுவுல பட்டன் கிடக்குல்லா" என்று ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. மோட்டார் வாகன விதிப்படி லாரி டயரின் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது. நடுவில் பட்டன் இருப்பது ஓரத்துக்கு ஈடாகாது. மழையில் ரோட்டைப் பிடிக்கவேண்டியது அந்த ஓரமும்தான்.

கன்னியாகுமரி போகும் வழியில் லாரியையே வீடாகக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றும் வண்டிகளும் இப்போது கண்ணில் படுகின்றன. அவற்றில் சுமை இறங்குவதே இல்லை. தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, சமையல் மேடை எல்லாம் ஒரே பக்கம் அமைந்துவிட்டால் அந்தப் பக்கப் பட்டை எப்போதும் அழுந்தியே இருக்கும், வண்டியும் சாய்ந்தே ஓடும். அப்படிப்பட்ட வண்டிக்கு, தொட்டிகளை நிரப்பி, பயணத்துக்குக் கிளம்பும் கோலத்திலேயே அலைன்மென்ட் பார்க்கவேண்டும். அதற்கும் முன்னால் தரையோடு மட்டமாக உள்ள எடை மேடையில் இடப்பக்கச் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, வலப்பக்கத்தை மட்டும் ஏற்றி ஒரு எடை எடுத்துவிடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் பேட்டரியையோ தொட்டியையோ இடம் மாற்றுங்கள். டை ராடைத் திருகி அந்தச் சாய்வை எடுக்க முடியாது.