சாமந்தர்: சிற்றரசர் என்றால் போதுமா?

கர்நாடகத்து ஐஹொளேயில் மேகுடி என்று ஒரு சமணக் கோயில் இருக்கிறது. குன்றின் மேல் நிற்கும் அந்தக் கோயிலின் சுவரில், சக ஆண்டு 556இல், அதாவது கி.பி. 634–35இல், இரவிகீர்த்தி என்ற புலவர் தம் அரசன் இரண்டாம் புலிகேசியைப் பாடிய வடமொழிக் கல்வெட்டு உள்ளது. வடநாட்டுப் பேரரசர் ஹர்ஷர் புலிகேசியிடம் தோற்றதைச் சொல்லும் அதன் ஒரு செய்யுளை வரலாறு படித்தவர்கள் பலரும் அறிவார்கள். ஹர்ஷம் என்றால் மகிழ்ச்சி. அச்சத்தால் ஹர்ஷனின் ஹர்ஷம் வடிந்துபோனது என்று புலவர் சிலேடையாக முடிக்கிறார். நான் நிற்பது அதற்கு முந்தைய அடியில். தோற்ற ஹர்ஷன் எப்படிப்பட்டவன் என்றால், சாமந்தர் கூட்டத்தின் மகுட மணிகள் வீசும் ஒளியில் பாதத் தாமரைகள் மூழ்கிக் கிடந்தவன்.

அந்தச் சாமந்தர் யார்? ‘சிற்றரசர்’ என்று நம் பாடநூல்கள் எழுதுகின்றன. ‘குறுநில மன்னர்’, ‘கப்பம் கட்டும் அரசர்’ என்றும் எழுதுகிறோம். மூன்றும் ஓரளவுக்குச் சரிதான். ஆனால் எந்த நூற்றாண்டுச் சாமந்தர் என்று பார்க்காமல் இவற்றைப் போட்டால் பொருள் கெட்டுவிடும். ஏனென்றால் இந்தச் சொல் தொடக்கத்தில் பணிவையே குறிக்கவில்லை.

‘ஸமந்த’ என்பது வடமொழியில் சுற்றிலும், நாற்புறமும் என்று பொருள்படும். ‘அந்தம்’ என்றால் எல்லை. எல்லைகள் ஒன்றோடொன்று சேர்ந்திருப்பது ஸமந்தம். அதிலிருந்து பிறந்த ‘ஸாமந்த’ என்பதற்கு எல்லையை ஒட்டியிருப்பவன், அக்கம்பக்கத்தான் என்பதுதான் முதற்பொருள். அர்த்தசாஸ்திரம் நில விற்பனை பற்றிச் சொல்லும் இடம் இதைத் தெளிவாகக் காட்டும். ஒருவர் நிலத்தை விற்கப்போனால் வாங்கும் உரிமை முதலில் உறவினருக்கு, அடுத்துச் சாமந்தருக்கு, அதற்குப் பிறகு கடன் கொடுத்தவருக்கு. இங்கே சாமந்தர் என்றால் பக்கத்து நிலத்துக்காரர், அவ்வளவே. மனுஸ்மிருதியிலும் எல்லைத் தகராறுக்குச் சாட்சி கிடைக்காதபோது சுற்றியுள்ள நான்கு ஊர்க்காரர்களைக் கேட்கச் சொல்லும் இடத்தில் இதே சொல்தான் வருகிறது. சோழர் காலத்து நில ஆவணங்களில் ‘பெருநான்கெல்லை’ என்று படிக்கிறோமே, அந்த நான்கெல்லைக்கு அப்பால் இருப்பவர்கள்தான் பழைய சாமந்தர்கள்.

அரசியலிலும் அப்படியே. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை, மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததைச் சொல்வது, நமக்கு நெருக்கமானது. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் பெயர்கள் அதில்தான் வருகின்றன. அதே கட்டளையில் யவன அரசன் அந்தியோகனுக்குப் ‘பக்கத்து அரசர்கள்’ என்று ஒரு தொடர் உண்டு. பல ஊர்ப் பாறைகளில் வெட்டப்பட்ட இக்கட்டளையின் கால்சிப் படியில் அந்த இடத்தில் சாமந்த என்ற சொல் இருக்கிறது. கிர்நார்ப் படியிலோ அதற்குப் பதில் சமீபம் என்ற சொல் வெட்டப்பட்டிருக்கிறது. ஒரே செய்திக்கு இரண்டு படிகளில் இரண்டு சொற்கள்! இதைவிடத் தெளிவாக எந்த அகராதி பொருள் சொல்லிவிடும்? அந்தியோகனின் சாமந்தர்கள் அவனுக்கு அடங்கியவர்கள் அல்லர், அண்டை அரசர்கள். இந்த இடத்தைத் தமிழில் ‘சிற்றரசர்’ என்று பெயர்த்தால் அது பிழை.

பிறகு என்ன நடந்தது? 4ஆம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தரின் அலகாபாத் தூண் கல்வெட்டில் மாற்றத்தின் தொடக்கம் தெரிகிறது. எல்லையோர அரசர்கள் வரி கொடுத்தார்கள், ஆணைக்குக் கட்டுப்பட்டார்கள், நேரில் வந்து வணங்கினார்கள் என்கிறது அது. காஞ்சியின் விஷ்ணுகோபர் உள்ளிட்ட தென்னாட்டு அரசர்களைப் பிடித்து, பின் விடுவித்து அருள்புரிந்ததாகவும் சொல்கிறது. எல்லையோர அரசர்க்கு அங்கே வழங்கும் சொல் ‘பிரத்யந்த நிருபதி’, சாமந்தர் அல்ல. ஆனால் நிலைமை அதுவே. வென்ற நாட்டை விழுங்காமல், தோற்றவனையே அங்கு அரசனாக வைத்தால், அவன் பழையபடி அண்டை அரசன்தான். இப்போது வணங்கும் அண்டை அரசன். பொருள் மாறியது இந்த வழியில்தான் இருக்கும் என்று நான் கருதுகிறேன். பீகார்க் குகைகளில் உள்ள மௌகரி குலத்து அனந்தவர்மனின் கல்வெட்டு அவன் தந்தையைச் ‘சாமந்த சூடாமணி’ என்று புகழும்போது மாற்றம் முடிந்துவிட்டது. அண்டை வீட்டுக்காரன் என்ற பொருளில் யாரும் சூடாமணி என்று பாடமாட்டார்கள்.

7ஆம் நூற்றாண்டில் இது பட்டமே ஆகிவிட்டது. 628ஆம் ஆண்டின் பான்ஸ்கேராச் செப்பேடு ஹர்ஷர் ஊர் ஒன்றைக் கொடையாக அளித்த ஆவணம். அதன் அடியில் அவருடைய கையொப்பம் சுழி சுழியான அழகிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும்: ‘இது என் கை, மகாராஜாதிராஜ ஸ்ரீஹர்ஷனுடையது’. அந்த ஆணையை நிறைவேற்றும் தூதகர் ஸ்கந்தகுப்தருக்குப் பட்டம் மகாசாமந்தர். அதாவது சாமந்தர் என்பவர் தோற்றுப்போய் எங்கோ தம் நாட்டில் இருப்பவர் மட்டுமல்ல; பேரரசின் அலுவலரும் ஆகிறார். ஹர்ஷரின் அவைப் புலவர் பாணர் எழுதிய ஹர்ஷசரிதத்தில் நம்பிக்கைக்குரிய ஆப்தசாமந்தர், முதன்மையான பிரதானசாமந்தர், பகையாயிருந்து பணிந்த சத்ருமகாசாமந்தர் என்று வகைவகையாகப் பார்க்கலாம்.

தக்காணத்தில் இந்தப் பட்டத்தோடு ஒலியும் சேர்ந்துகொண்டது. ‘பஞ்சமகாசப்தம் பெற்றவர்’ என்று கல்வெட்டுகளில் அடிக்கடி வரும். ஐந்து பெருவாத்தியங்களை முழக்கிக்கொண்டு போகும் உரிமை அது. கொம்பு, சங்கு, பேரிகை, மணி, தம்பட்டம் என்று கன்னட வழக்கு எண்ணும். பேரரசர் கொடுத்தால்தான் சாமந்தர் வீட்டு வாசலில் அவை ஒலிக்கும். ஆனால் அந்த ஒலி ஒருநாள் கொடுத்தவரையே மூழ்கடிக்கவும் செய்யும். வாதாபிச் சாளுக்கியருக்கு அடங்கி இப்படிப் பட்டம் தாங்கியிருந்த இராட்டிரகூடத் தந்திதுர்க்கர், 8ஆம் நூற்றாண்டின் நடுவில் சாளுக்கிய ஆட்சியையே முடித்தார். 973இல் இரண்டாம் தைலபர் இராட்டிரகூடரை அதே வழியில் வீழ்த்தினார். நம் பக்கம் ஆதித்த சோழர் திருப்புறம்பியத்தில் பல்லவ அபராசிதருக்குத் துணை நின்று, சில ஆண்டுகளில் அவரையே வென்று தொண்டை மண்டலத்தைப் பிடித்தார். 13ஆம் நூற்றாண்டில் சோழருக்கு அடங்கியிருந்த காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கர் மூன்றாம் இராசராசரைச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்ததைத் திருவயிந்திரபுரம் கல்வெட்டு சொல்கிறது.

தமிழகத்தில் இத்தகையவர்க்கு வழங்கிய பெயர் என்ன? பெயரின் ஈற்றைப் பாருங்கள்: முத்தரையர், பழுவேட்டரையர், சம்புவரையர். அரசர், அரைசர், அரையர் என்று திரிந்த சொல் அது. தமிழ்க் கல்வெட்டை விளக்கும்போது அரையர் என்றே எழுதுங்கள். அதற்குப் பதில் சாமந்தர் என்று வடக்கிலிருந்து சொல் கொண்டுவரத் தேவையில்லை.

சாமந்தருக்குப் பொதுவான தமிழ்ச்சொல்தான் சிக்கல். சிற்றரசர், குறுநில மன்னர் ஆகிய இரண்டும் நிலத்தின் அளவைச் சொல்கின்றன. சாமந்தம் உறவைச் சொல்கிறது. மகாசாமந்தர் சிலரின் நாடு எந்த வகையிலும் குறுநிலம் அன்று. ‘மகா’வைச் சேர்த்துப் பெருஞ்சிற்றரசர் என்று எழுதினால் சொல்லே முரண்படுகிறது. கப்பம் கட்டுவோர் என்பதற்குப் பதிலாகத் ‘திறையரசர்’ எனலாமா? திறை சங்க காலச் சொல்; குறளில் வரும் ‘தெறுபொருள்’ என்பதற்கும் பரிமேலழகர் திறை என்றுதான் உரை காண்கிறார். அழகான சொல். ஆயினும் சாமந்தரின் கடமை பொருளோடு நிற்பதில்லை. படையோடு வர வேண்டும், அவையில் நிற்க வேண்டும்.

நான் ‘சார்பரசர்’ என்பேன். தமிழில் சார்தல் என்றால் அடுத்திருத்தலும் உண்டு, பற்றி நிற்றலும் உண்டு. ஆற்றைச் சார்ந்த ஊர் என்றால் அருகிலிருக்கும் ஊர். பிறரைச் சார்ந்து வாழ்பவர் என்றால் அடுத்தவரைப் பற்றி நிற்பவர். சாமந்தம் ஆயிரம் ஆண்டுகளில் நடந்து கடந்த தொலைவு நம்முடைய இந்த ஒரு வினையடிக்குள் முன்பே இருக்கிறது. தனித்து இயங்காத எழுத்துகளைத் தொல்காப்பியர் ‘சார்ந்துவரல் மரபின்’ என்றார்; பின்வந்த இலக்கண நூலார் அவற்றைச் சார்பெழுத்து என்றார்கள். தனித்து இயங்காத அரசருக்குச் சார்பரசர் பொருந்தும். மகாசாமந்தரைத் தலைமைச் சார்பரசர் எனலாம். அசோகர் காலத்துச் சாமந்தருக்கு மட்டும் அண்டை அரசர் என்றே எழுத வேண்டும்.

குறுநில மன்னர் என்ற சொல்லைக் கைவிடச் சொல்லவில்லை. அதற்கு உரிய இடம் வேறு. தொல்காப்பிய மரபியல் அரசர்க்கு உரியவை என்று கொடி, குடை, முரசு, களிறு, முடி எல்லாம் எண்ணுகிறது. அடுத்து ‘மன்பெறு மரபின் ஏனோர்’ என்ற வேறொரு கூட்டத்துக்கு வில், வேல், கழல், கண்ணி, தேர், குதிரை முதலியவற்றைத் தருகிறது. உரைமரபில் இந்த ஏனோர்தான் குறுநில மன்னர். அவர்கள் பட்டியலில் முரசு இல்லை, முடியும் இல்லை. அவர்கள் யாருக்கும் அடங்கியவர்கள் என்று நூற்பா சொல்லவில்லை. முடி சூடும் மரபில் வராதவர்கள், அவ்வளவுதான்.

சேக்கிழார் பாடும் கூற்றுவ நாயனார் அப்படி ஒருவர். களந்தையின் தலைவர். பல அரசர்களைப் போரில் வென்று, முடி ஒன்று தவிர அரசர்க்குரிய செல்வம் அனைத்தும் அடைந்துவிட்டார். தில்லைவாழ் அந்தணர்களிடம் முடி சூட்டும்படி கேட்டார். சோழர் குலத்தார்க்கு அன்றி மற்றவர்க்குச் சூட்டோம் என்று அவர்கள் மறுத்து, பூசைக்கு ஒரு குடியை மட்டும் விட்டுவிட்டுச் சேர நாட்டுக்குப் போய்விட்டார்கள். கூற்றுவர் யாருடைய சாமந்தரும் அல்லர். அவர் மகுடம் எந்த வேந்தன் காலிலும் ஒளி வீசவில்லை, ஏனென்றால் அவருக்கு மகுடமே இல்லை. அன்றிரவு, உன் பாதமே எனக்கு முடியாக வேண்டும் என்று வேண்டித் துயின்றார். கனவில் கூத்தப்பெருமான் வந்து தம் திருவடியை அவர் தலைமேல் வைத்தார்.