சிறுநீரகக் கல் எடுக்கும் செலவு யாருடையது? சிங்கப்பூரில் வொர்க் பர்மிட்டில் (வேலை அனுமதிச் சீட்டில்) இருப்பவர்கள் படிக்க

"கல்லு என்ன வேலை செய்யும்போதா வந்துச்சு? அப்ப உன் காசுதான்." துவாஸில் வேலை பார்க்கும் தம்பி ஒருவருக்கு அவருடைய கம்பெனி சொன்ன பதில் இது. இது தவறு. வேலையிட விபத்துக்கு இழப்பீடு தருவது வேறு சட்டம். வேலைக்குச் சம்பந்தமில்லாத நோயானாலும் வொர்க் பர்மிட் ஊழியரின் மருத்துவச் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும். அதற்காக ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்குக் காப்புறுதி எடுப்பதும் கட்டாயம். 2023 ஜூலைக்கு முன் அது 15,000 வெள்ளியாக இருந்தது.

சிறுநீர்க்குழாயில் சிக்கிய கல்லுக்கு யூரிட்டரோஸ்கோப்பி செய்வார்கள். சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய கேமராக் குழாயை விட்டு, லேசரால் கல்லை உடைத்து எடுப்பார்கள். வெட்டு, தையல் கிடையாது. உள்ளே கட்டிபோல் ஏதாவது தெரிந்தால் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பலர் அன்றே வீடு திரும்பிவிடுவார்கள். உடனே கம்பெனியில், "வார்டில் படுக்கவில்லை, இன்சூரன்ஸ் வராது" என்பார்கள். நம்பாதீர்கள். பகல்நேர அறுவைச் சிகிச்சையும் அந்தக் காப்புறுதியில் அடங்கும்.

இழுத்தடிப்பு, "செலவை நாங்கள் கட்டுகிறோம்" என்று கம்பெனி மருத்துவமனைக்கு எழுதித் தரும் உத்தரவாதக் கடிதத்தில்தான் நடக்கும். வெளிநாட்டவருக்கு மானியம் இல்லாததால், தேதி கொடுக்குமுன் மருத்துவமனை முன்பணமோ கம்பெனியின் கடிதமோ கேட்கும். கம்பெனி "நாளைக்கு" என்றே வாரங்களை ஓட்டும். வாயால் கேட்காமல் வாட்ஸ்அப்பில் கேளுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள். மருத்துவமனையின் சமூக சேவையாளரிடம் சொல்லுங்கள். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை 6536 2692 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். வலியோடு குளிர்காய்ச்சல் வந்துவிட்டால் கடிதத்துக்குக் காத்திருக்கவே கூடாது. கிருமி ரத்தத்தில் ஏறினால் உயிருக்கே ஆபத்து. நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். செலவில் உங்கள் பங்கு என்று சம்பளத்தில் பிடிக்க, வேலை ஒப்பந்தத்திலேயே அது எழுதியிருக்க வேண்டும். அப்போதும் மாதச் சம்பளத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் பிடிக்க முடியாது.

எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கிடைத்ததும், விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் படமெடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்பிவிடுங்கள். தாமதித்தால் வேலைக்கு வரவில்லை என்று சம்பளத்தை வெட்ட வழி கிடைத்துவிடும்.

என்னைத் தூங்கவிடாத விஷயம் ஸ்டென்ட். கல் எடுத்தபின் சிறுநீர் தடைபடாமலிருக்க உள்ளே ஒரு மெல்லிய குழாயை விட்டுவைப்பார்கள். அதைக் குறித்த நாளில் எடுத்தாக வேண்டும். மாதக்கணக்கில் விட்டால் அதன்மேலேயே கல் படிந்து, எடுப்பது பெரிய அறுவையாகிவிடும். "கல்தான் போயிடுச்சே" என்று சொல்லி, ஸ்டென்ட்டோடு ஊருக்கு அனுப்பப்பட்டவரை நான் பார்த்திருக்கிறேன். அதை எடுக்கும் செலவும் முதலாளியுடையதே. டிக்கெட் போட்டுவிட்டார்கள் என்றால் விமானம் ஏறுமுன் மனிதவள அமைச்சிடம் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் கடிதத்தில் ஸ்டென்ட் எடுக்கும் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதி வாங்காமல் மருத்துவமனையை விட்டுக் கிளம்பாதீர்கள்.